தொட்டில் என்று பெயர் வைத்த விடுதிகள்

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு ராத்திரி சித்தி பெண் போன் செய்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டு மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு குழந்தையின் விவரம் வந்திருந்தது. பெண் குழந்தை, இரண்டரை வயது. பிறந்த சில நாளிலிருந்து இல்லத்திலேயே வளர்ந்தவள். பதில் சொல்ல அவகாசம் கொஞ்சம்தான்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவள் குரல் கம்மியிருந்தது. சொந்தத்தில் ஒருவர், கொஞ்சம் படித்தவர், இப்படிச் சொல்லியிருக்கிறார்: "கைக்குழந்தைன்னா சரி. ரெண்டரை வயசுன்னா யோசிச்சுக்கோ. மூணு வயசோட மூளை வளர்ச்சி முடிஞ்சிடும். அதுக்கப்புறம் நீ என்ன பண்ணாலும் ஒட்டாது."

"அண்ணா, நீங்கதான் இதெல்லாம் உக்காந்து படிப்பீங்களே. அவர் சொல்றது நிஜமா?"

நான் மருத்துவன் இல்லை. கிடைத்ததைப் படித்துக் குறிப்பெடுத்து வைக்கிற ஆள், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. "ஒட்டாது" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒருவருக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது, அதன் பின்னால் என்ன வரலாறு இருக்கிறது என்று தேடப் போனேன். அது என்னை முதலில் ஒரு சிறைக்கும், பிறகு ருமேனியாவுக்கும் கொண்டுபோய்விட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

இரண்டு வீடுகள்

1945ல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநல மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். அவர் இரண்டு இடங்களில் வளர்ந்த குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்.

முதலாவது, ஒரு சிறையோடு சேர்ந்த குழந்தைகள் காப்பகம். குற்றம் செய்து உள்ளே வந்த இளம்பெண்கள், வரும்போதே கர்ப்பிணிகள். அங்கேயே பிள்ளை பெற்று, மேற்பார்வையோடு தங்கள் பிள்ளையைத் தாங்களே வளர்த்தார்கள். இரண்டாவது, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம். சுத்தமான இடம். நல்ல சாப்பாடு, மருத்துவர் வருகை, எல்லாம் உண்டு. ஆனால் ஒரு செவிலிக்கு எட்டுக் குழந்தைகள் வரை. கட்டில்களின் பக்கவாட்டில் துணி தொங்கவிட்டிருந்ததால் படுத்திருக்கும் குழந்தைக்குக் கூரையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

வெளியிலிருந்து பார்க்கிற யாரும் இரண்டாவது இடத்தில்தான் பிள்ளைகள் நன்றாக வளரும் என்று சொல்வார்கள். ஸ்பிட்ஸ் அளந்தபோது, அந்த இல்லத்துக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறியீடு தொடக்கத்தில் 124 இருந்தது. ஒரு வருஷத்துக்குள் 72க்கு இறங்கியது. இரண்டாவது வருஷக் கடைசியில் 45. சிறைக் குழந்தைகள் இயல்பாக வளர்ந்தார்கள். 1946ல் எழுதிய தொடர்ச்சியில் இன்னும் கொடுமையான கணக்கு இருக்கிறது. இல்லத்தில் அவர் கவனித்த 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு வருஷத்துக்குள் இறந்துபோனார்கள். சிறையில் அவர் பார்த்த காலத்தில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை.

இதைப் படித்தபோது, இத்தோடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. 1955ல் சாமுவேல் பின்னோ என்ற உளவியலாளர் ஸ்பிட்ஸின் ஆய்வைப் பிரித்து மேய்ந்தார். எந்த ஊர், எந்த நாடு என்றுகூட அவர் சொல்லவில்லை. இரண்டு இடத்துக் குழந்தைகளும் ஒரே மாதிரிப் பின்னணியிலிருந்து வந்தவர்களா என்பதும் தெளிவில்லை. கணக்கிட்ட முறையிலும் ஓட்டைகள். ஆக, இல்லத்துப் பிள்ளைகள் பின்தங்கியதற்குக் காரணம் இல்லமா, அல்லது ஏற்கெனவே பலவீனமான குழந்தைகள்தான் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்களா? நியாயமான கேள்வி. இதற்குச் சரியான பதில் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

எட்டு நாள்

நடுவில் ஒரு சின்னக் கதை. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவற்றில், உள்ளே சேர்த்த குழந்தையைப் பெற்றோர் போய்ப் பார்க்கக் கடுமையான கட்டுப்பாடு. சில இடங்களில் வாரத்துக்கு ஒருமுறைதான். "அம்மா வந்துட்டுப் போனா பிள்ளை அழுது. வராம இருந்தா அமைதியா இருக்கு" என்பது அவர்கள் வாதம்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் அந்த அமைதியைச் சந்தேகப்பட்டார். ஜான் பௌல்பியோடு டாவிஸ்டாக் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஒரு சாதாரண கேமராவை வைத்து, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படமெடுத்தார். 1952ல் லண்டனில் மருத்துவர்கள் கூடிய சபையில் படத்தைப் போட்டுக் காட்டினார். பலர் கொதித்துப்போனார்கள். மருத்துவமனைகளை அவமானப்படுத்துகிறார் என்றார்கள்.

படத்தில் அடிதடி, கொடுமை எதுவும் கிடையாது. செவிலியர்கள் அன்பாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அந்தக் குழந்தை பெரும்பாலும் அழுவதுகூட இல்லை, அடக்கிக்கொள்கிறது. அம்மா வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த அமைதி குணமடைந்ததற்கு அடையாளம் இல்லை, நம்பிக்கை போனதற்கு அடையாளம் என்பதுதான் ராபர்ட்சன் சொன்னது. 1959ல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றைக்குக் குழந்தைகள் வார்டில் அம்மா கூடவே இருப்பது நமக்குச் சாதாரணம். அது சாதாரணமாவதற்கு இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது.

ஆணை எண் 770

இனி ருமேனியா. 1966 அக்டோபரில் சௌசெஸ்குவின் அரசு ஆணை எண் 770ஐக் கொண்டுவந்தது. மக்கள்தொகை பெருகினால்தான் நாடு வளரும் என்று கணக்குப் போட்டார்கள். 45 வயதுக்கு உட்பட்ட, நான்கு பிள்ளை பெறாத பெண்களுக்குக் கருக்கலைப்பு தடை, சில விதிவிலக்குகள் தவிர. கருத்தடைச் சாதனங்கள் கடைகளில் கிடைக்காமல் போயின. 25 வயது தாண்டியும் பிள்ளை இல்லாதவர்களுக்குத் தனி வரி. பின்னாளில் தொழிற்சாலைகளிலேயே பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை நடத்தினார்கள்.

1966ல் சுமார் 2.7 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில், 1967ல் 5.2 லட்சத்துக்கும் மேல் பிறந்தார்கள். ஒரே வருஷத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிறகு 1980களில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப் பங்கீடு, மின்வெட்டு, குளிரில் வீட்டைச் சூடாக்க வழியில்லாத நிலை. பெற்ற பிள்ளையை வளர்க்க முடியாதவர்களிடம் அரசு, "எங்களிடம் விடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம்" என்றது. இதனால் விடுதிகளில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அநாதைகள் இல்லை. அப்பா அம்மா உயிரோடு இருந்தார்கள்.

மூன்று வயது வரையிலான குழந்தைகள் இருந்த விடுதிக்கு ருமேனிய மொழியில் 'லியாகன்' என்று பெயர். தொட்டில் என்று அர்த்தம். இதைப் படித்ததும் கொஞ்சநேரம் மேலே படிக்க முடியவில்லை. நம் ஊரிலும் 1992ல் தொடங்கிய திட்டத்துக்குத் தொட்டில் குழந்தைத் திட்டம் என்றுதானே பெயர். நோக்கம் வேறு, சூழ்நிலை வேறு, ஒன்றோடொன்று ஒப்பிடவில்லை. ஆனால் தொட்டில் என்றாலே நமக்கு ஆட்டிவிடும் ஒரு கையும் சேர்ந்து நினைவுக்கு வரும். அங்கே கை இல்லை. ஒரு பணியாளருக்குப் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகள். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் பால், ஒரே நேரத்தில் எல்லோருக்கும் துணி மாற்றல். அழுதால் யாரும் வரப்போவதில்லை என்று குழந்தைகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. பிற்பாடு உள்ளே போனவர்கள் பலரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: இத்தனை கைக்குழந்தைகள் இருக்கும் அறையில் அழுகைச் சத்தமே இல்லை.

மூன்று வயதில் பிள்ளைகளைத் தரம் பிரித்தார்கள். நடக்காத, பேசாத பிள்ளைகள் வேறு விடுதிக்குப் போனார்கள். அவர்களில் சிலருக்கு ஒட்டிய முத்திரை, 'மீட்க முடியாதவர்கள்'. யாரும் பேச்சுக் கொடுக்காததால் பேசாத குழந்தைக்கு, பேசாததால் இந்த முத்திரை. என் சொந்தக்காரர் சொன்ன "ஒட்டாது" என்ற சொல்லை நான் இங்கேதான் திரும்பப் பார்த்தேன்.

1989 டிசம்பர் 25 அன்று சௌசெஸ்குவும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷம் வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் உள்ளே போயின. லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் விடுதிகளில் இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

68 பேர், 68 பேர்

2000ஆம் ஆண்டில் சார்ல்ஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்டில் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறு விடுதிகளிலிருந்து 6 மாதம் முதல் 31 மாதம் வரையிலான 136 குழந்தைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர், அதாவது 68 பேர், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அப்போது புக்காரெஸ்டில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே பெயரளவுக்குத்தான் இருந்தது. ஆய்வுக்குழுவே 56 குடும்பங்களைத் தேடிப் பயிற்சி கொடுத்தது. மீதி 68 பேர் விடுதியில். ஒப்பிட, சொந்த வீட்டில் வளரும் 72 குழந்தைகள்.

குலுக்கல் என்பதுதான் இதில் முக்கியம். பின்னோ எழுப்பிய சந்தேகத்துக்கு இதுதான் பதில். யார் போவது, யார் இருப்பது என்பதைக் குழந்தையின் குணமோ நிறமோ உடல்நிலையோ தீர்மானிக்கவில்லை. எனவே பின்னால் தெரியும் வித்தியாசம் குடும்பத்தால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் 68 பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டு அளப்பது சரியா? எனக்கும் இது தொண்டையில் சிக்கியது. அவர்கள் சொன்ன பதில்: ஆய்வே இல்லாவிட்டால் 136 பேரும் அங்கேதான் இருந்திருப்பார்கள், விடுதியில் இருக்கும் குழந்தைக்கு ஒரு குடும்பம் கிடைத்தால் நாங்கள் தடுக்க மாட்டோம். அப்படியே நடந்தது. வருஷங்கள் போகப் போக அந்த 68 பேரில் பலர் குடும்பங்களுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பதிலை முழுசாக ஏற்கிறேனா என்றால், பாதிதான்.

நாலரை வயதில் அளந்த சராசரி ஐ.க்யூ: விடுதிக் குழந்தைகளுக்கு 73, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, சொந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 109. குடும்பம் உதவியது, ஆனால் இடைவெளியை முழுசாக மூடவில்லை. எந்த வயதில் போனார்கள் என்பதும் முக்கியமாக இருந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். எட்டு வயதில் ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்தபோது, இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களின் மூளை அலைகள் வீட்டுப் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன. மற்றவர்களுடையது பலவீனமாக இருந்தது.

மனநலத்திலும் இதே மாதிரி கலவையான கணக்கு. நாலரை வயதில், விடுதியில் இருந்திருந்த பிள்ளைகளில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. வீட்டுப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். குடும்பத்துக்குப் போனதால் பதற்றமும் மனச்சோர்வும் பாதியாகக் குறைந்தன. கவனச் சிதறலும் துறுதுறுப்பும் குறையவில்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது

பிறந்த குழந்தையின் மூளை முதல் சில வருஷங்களில் தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கிறது. பிறகு பயன்படுகிறதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுகிறது. எது பயன்படுகிறது என்பதை அனுபவம்தான் சொல்கிறது. குழந்தை "ங்கா" என்கிறது, பாட்டி "என்னடி தங்கம்" என்கிறாள், குழந்தை மறுபடி "ங்கா" என்கிறது. நமக்கு இது விளையாட்டு. மூளைக்கு, இந்தப் பாதை வேண்டும் என்ற தகவல். ஆயிரக்கணக்கான முறை பதிலே வரவில்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

அடி உதை, பயம் ஆகியவற்றால் வரும் பாதிப்பின் வழி கொஞ்சம் வேறு. அங்கே ஆபத்துக்குத் தயார்ப்படுத்தும் கார்டிசால் போன்ற ஹார்மோன்களின் ஒழுங்கு குலைகிறது. பெரியவர் ஒருவர் தூக்கி அணைத்துக்கொண்டால் அடங்க வேண்டிய எச்சரிக்கை மணி, அணைக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது, அல்லது ஒரு கட்டத்தில் மழுங்கிப்போகிறது. இல்லாமையும் வன்முறையும் ஒன்றல்ல என்பதை ருமேனிய ஆய்வுகள் நன்றாகவே காட்டின. யாரும் கை ஓங்காமலேயே ஒரு குழந்தை நொடிந்துபோக முடியும்.

அப்படீன்னா ஒட்டாதா?

இங்கிலாந்தில் மைக்கேல் ரட்டர் இன்னொரு பக்கத்திலிருந்து இதைப் பார்த்தார். ருமேனிய விடுதிகளிலிருந்து இங்கிலாந்துக் குடும்பங்களுக்குத் தத்துப் போன பிள்ளைகள் உட்பட 165 பேரை, அவர்கள் பெரியவர்களாகும் வரை அவரது குழு தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் விடுதியை விட்டு வந்தவர்கள், இங்கிலாந்துக்குள்ளேயே தத்துப் போன பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களிடம் கவனக் குறைவு, புதியவர்களிடம் தயக்கமே இல்லாமல் போய்விடுவது போன்ற சிக்கல்கள் நீடித்தன. 2020ல் வந்த எம்.ஆர்.ஐ. முடிவின்படி, இருபதுகளில் இருந்த அவர்களின் மூளை, இங்கிலாந்துத் தத்துப் பிள்ளைகளின் மூளையைவிட 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. இருபது வருஷம் நல்ல குடும்பத்தில் வளர்ந்த பிறகும் இந்தத் தடம் அழியவில்லை.

செய்திகளில் வந்தது பெரும்பாலும் இந்த 8.6தான். அதே ஆய்வுக்குழு 2017ல் சொன்ன இரண்டு விஷயங்கள் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஒன்று, ஆறு மாதத்துக்கு மேல் விடுதியில் இருந்தவர்களுக்குச் சின்ன வயதில் இருந்த அறிவுத்திறன் பின்னடைவு, வாலிப வயதில் இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. பத்துப் பதினைந்து வருஷம் தாமதமாக, ஆனால் வந்தது. இரண்டு, அவர்களிலேயே ஐந்தில் ஒருவர் எந்தக் கட்டத்திலும் எந்தச் சிக்கலும் இல்லாமலே வளர்ந்தார். அதே சமயம், சிலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வாலிப வயதில் அதிகமானதையும் மறைக்கக் கூடாது.

இப்போது என் சொந்தக்காரரின் கணக்குக்கு வருகிறேன். இரண்டு வயது என்பது இந்த ஆய்வுகளில் வரும் ஒரு சராசரிக் கோடு. அதைத் தாண்டினால் கதவு சாத்திவிடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. சீக்கிரம் போவது நல்லது என்றுதான் சொல்கிறது. அந்த அவசரம் அரசுக்கும் இல்லங்களுக்கும் தத்து நடைமுறைக்கும் பொருந்துவது. ருமேனியா 2004ல் போட்ட சட்டத்தில், கடுமையான ஊனம் உள்ளவர்களைத் தவிர இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விடுதியில் வைக்கவே கூடாது என்றது. நம்முடைய 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. "சீக்கிரம்" என்ற பாடத்தைத் திருப்பி, காத்திருந்தே இரண்டரை வயதான ஒரு குழந்தையின் மேல் "லேட்" என்று முத்திரை குத்தினால், அது அந்தப் பழைய ருமேனியத் தரம்பிரிப்புதான்.

அன்றைக்கு ராத்திரி தங்கையிடம் நான் சொன்னது இவ்வளவு விரிவாக இல்லை. "அவளுக்கு மத்த பிள்ளைங்களவிட நேரம் கூட ஆகும். சில விஷயம் அப்படியே நிக்கலாம். ஆனா அவளுக்கு இன்னிக்குக் கிடைக்கிற வீடு அடுத்த வருஷம் கிடைக்கிறதவிட நல்லது. கணக்கு அவ்வளவுதான்" என்றேன். அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. "நாளைக்குச் சரின்னு சொல்லிடறோம்ணா" என்றாள்.

குழந்தை வந்து இப்போது ஏழு மாதம் ஆகிறது. முதல் முறை பார்க்கப் போனபோது நேராக வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டாள். "பாரு, எவ்ளோ சமத்து, யார்கிட்ட வேணா போறா" என்று சித்தி பூரித்தார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ரட்டரின் குழு எழுதி வைத்திருந்தது இதைத்தான். கீழே விழுந்தாலும் அழமாட்டாளாம். ராத்திரி விழித்துக்கொண்டால் சத்தமில்லாமல் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாளாம். மாப்பிள்ளை அலாரம் வைத்து நடுவில் எழுந்து பார்ப்பார்.

தை மாசம் மறுபடி போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை. சித்திக்கு ஒரே வருத்தம், "மாமாகிட்ட போகமாட்டேங்கறாளே" என்று. தங்கை மட்டும் சிரித்தாள். முந்தின வாரம் படியில் தடுக்கி விழுந்ததைச் சொன்னாள். "விழுந்தா, என்னைத் திரும்பிப் பாத்தா, அப்புறம் ஊரே கேக்கற மாதிரி அழுதாண்ணா."

பேச்சு இன்னும் இரண்டு சொல், மூன்று சொல்தான் வருகிறது. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் போகிறார்கள். தட்டில் போட்டதை யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல இன்னும் அவசரமாகத்தான் சாப்பிடுகிறாள். அன்றைக்குக் கிளம்பும்போதும் என்னிடம் வரவில்லை, அம்மா இடுப்பிலிருந்தே கையாட்டினாள்.